சிரிப்பில் தப்பிக்கும் சுயவிமர்சனம்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த இரண்டு ரங்கராஜன்கள் தமிழில் பெயர் வாங்கினார்கள். ஒருவர் வாலி ஆனார். இன்னொருவர், ரா.கி.ரங்கராஜன் என்று ஏற்கெனவே ஓர் எழுத்தாளர் இருந்ததால், மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். தன் ஆசைகளையும் சாய்வுகளையும் தானே எழுதிப் பார்க்கும் கலைக்குத் திருச்சிப் பக்கம் உதாரணம் கேட்டால், பலரும் இவருடைய 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தொகுப்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

கதை என்ற பெயரில் விகடனில் வந்தாலும், அந்தக் கதைகளில் பாதி சொந்த நினைவு. பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவருடைய ஊர் ஸ்ரீரங்கம். கதை சொல்கிற பையன் வீரனில்லை. பொறாமைப்படுகிறான், பயந்து ஒதுங்குகிறான், கூட்டம் சிரித்தால் தானும் சிரிக்கிறான். 1925 முதல் 'நவஜீவன்' இதழில் தன் சோதனைகளை எழுதிய காந்தி, ஒவ்வொரு தவறிலும் ஒரு பாடத்தைத் தேடினார். சுஜாதா கதையின் பையன் திருந்துவதே இல்லை. அதனாலேயே அவனை நம்ப முடிகிறது.

ஆனால் அந்த நம்பிக்கையே ஒரு மறைப்பாகவும் ஆகிவிடுகிறது. தொகுப்பின் ஒரு கதைக்கு 'குண்டு ரமணி' என்று தலைப்பு வைத்த கணத்திலேயே ஒரு பெண்ணின் உடம்பு ஊர் வாய்க்கு வந்துவிட்டது. கேட்டால், சின்னப் பையன் கண்ணில் பட்டது அப்படி என்று பதில் தயாராக இருக்கிறது. சிறுவனின் பார்வை பெரியவருக்கு நல்ல வக்கீல்! ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதி, உத்தர வீதி மனிதர்களின் சின்னத்தனங்களை இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர், அந்த வீதிகளில் யார் குடியிருக்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதைப் பெரும்பாலும் கேட்காமலே கடந்துவிடுகிறார். சின்னக் குற்றங்களை ஒப்புக்கொண்டவரிடம் பெரிய கணக்கை யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர் பயிற்சி வகுப்பறையில், தன்னைத் தானே விமர்சிக்கும் இதே பழக்கம் தலைகீழாகக் கெடுகிறது. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2014இல் கொண்டுவந்த விதிகளால் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதன் பாடத்திட்டத்தில் 'தன்னை அறிதல்' என்றொரு செய்முறைப் பகுதியும் சேர்ந்தது. சாதி, மதம், பால் பற்றித் தனக்குள் ஊறியிருக்கும் எண்ணங்களை வருங்கால ஆசிரியர் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். சுஜாதா தொடாத இடத்தை இது தொடுகிறது. நல்ல விஷயம்தான்.

கோளாறு மதிப்பெண்ணில் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் எழுதும்போது சாதிப்பற்று எப்போதும் இறந்த காலத்தில்தான் வரும்: அப்போது இருந்தது, கல்லூரிக்கு வந்ததும் போய்விட்டது. இன்றைக்கும் இருக்கிறது என்று எழுதி, மதிப்பெண் போடும் ஆசிரியரிடம் யார் கையெழுத்து வாங்கப் போவார்கள்?

திருச்சியின் கல்வியியல் கல்லூரிகள் இப்படிச் செய்து பார்க்கலாம். 'குண்டு ரமணி'யை மாணவர்களிடம் கொடுத்து, அதே கதையை ரமணி சொல்வதாக எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு அவரவர் தெருவைப் பற்றி எழுதட்டும். அந்த இரண்டாவது தாளுக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.