‘வல்லவ’னும் நன்னூலும்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகுமா? தகாது என்றே சான்றோர் கூறுவர். ஆனால், 2006-ஆம் ஆண்டில் மலேசியாவில் வெளிவந்த ‘வல்லவன்’ என்னும் இசைத் தொகுப்பு, பெயரிலேயே தற்புகழ்ச்சியைச் சூடிக்கொண்டு வந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் படைத்த தமிழ்ச் சொல்லிசை அது. இளைஞர் கொண்டாடினர், மூத்தோர் சிலர் முகஞ்சுளித்தனர். எவர் பக்கம் நியாயம் என ஆராய்தல் நன்று.

‘ராப்’ எனப்படும் சொல்லிசை, 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஆப்பிரிக்க வழிவந்த இளைஞரிடையே வளர்ந்தது. இசைத்தட்டின் தாளப் பகுதியைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன்மேல் சொற்களை அடுக்கினர். ஊரார் பொருட்படுத்தாத ஒருவன் ‘நானும் ஓர் ஆள்’ என்று உரக்கக் கூறுவதே அக்கலையின் உயிர்நாடி.

யோகி பி இக்கலையில் நெடுநாள் பயின்றவர். அவர் இடம்பெற்ற ‘பொயட்டிக் அம்மோ’ குழு 1998-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனியம் ஆகிய நான்கு மொழிகளிலும் சொல்லிசைத்த குழு அது. அப்பயிற்சியின் பயனை ‘மடை திறந்து’ பாடலில் காணலாம். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்கு வாலி எழுத, இளையராஜா இசையமைத்த பாடல் அது. வாய்ப்புத் தேடி அலையும் இசைக்கலைஞன் தன் வெற்றியைக் கனவு காண்பதே அதன் பொருள். அக்கனவை அடித்தளமாக வைத்து, அதன்மேல் மலேசிய இளைஞர் தம் சொல்லடுக்கை எழுப்பியது மிகவும் பொருத்தமே.

இனி, தற்புகழ்ச்சிக்கு வருவோம். நன்னூலார் அதனை அறவே விலக்கவில்லை. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதில் வெல்லும்போதும், மாற்றார் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம் என்கிறார்.

இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் நம் இளைஞர்க்கு எவ்வளவு பொருந்துகின்றன! 1990களில் புத்ராஜெயா எழுந்தபோது, பெராங் பெசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறினர். ‘தோட்டத்துப் பிள்ளை’ என்னும் ஏளனத்தைக் கேட்டு வளர்ந்தவன், தன் தாய்மொழியிலேயே ‘வல்லவன்’ என்று முழங்கும் குரலைக் கேட்டால் தலைநிமிர மாட்டானா? அதனைச் செருக்கு என்று ஒதுக்குதல் முறையன்று.

ஆயினும், நன்னூலார் இவ்வுரிமையைப் புலவனுக்கே வழங்கினார் என்பதை மறத்தலாகாது. எதுகையும் இயைபும் தாளத்தோடு இணையும் இடங்களில் இவர்கள் அவ்வுரிமைக்கு உரியவராகின்றனர். ஆங்கிலச் சொற்கள் மலிந்தும், வேகத்தில் சொல் தெளியாமலும் போகும் இடங்களில் ஆரவாரமே எஞ்சுகிறது.

2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தின் வழியே தமிழ்நாட்டுத் திரையுலகும் யோகி பி-யின் குரலை ஏற்றது. கடல் கடந்து வந்த தமிழர் தாயகத்திற்கு அனுப்பிய ஓலை இது. ஓலையில் தற்புகழ்ச்சி இருக்கலாம்; பிழையின்றித் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.