தியான்சந்த் கழற்றிய பூட்ஸ்

எங்கள் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்கு அடுத்தபடியாகப் பெயர் வாங்கியது ஹாக்கி. மட்டை பிடிக்கத் தெரியாதவன்கூடத் தியான்சந்தைப் பற்றி இரண்டு கதை சொல்லுவான். நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நில்லாமல் ஒரு சிறுகதையில் எழுதியும் விட்டேன். பெர்லின் மைதானத்தில் அவர் வெறுங்காலோடு ஓடுகிறார். ஆட்டம் முடிந்ததும் ஹிட்லர் கூப்பிட்டு, தன் சேனையில் பெரிய உத்தியோகம் தருவதாகச் சொல்கிறான். இவர் மறுத்துவிடுகிறார். கதையைப் பலரும் பாராட்டினார்கள். முன்பு இந்த ஊரில் ஆடிய பெரியவர் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, "படிச்சிட்டு வாங்க, தம்பி" என்றார்.

அது தியான்சந்த் ஆங்கிலத்தில் எழுதிய சுயசரிதை. பெயர் 'கோல்'. 1952-ல் சென்னை 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வெளியிட்டது. ஹிட்லர் உத்தியோகம் தர வந்த கதை அதில் இல்லை. வெறுங்காலும் இல்லை.

இலக்கியம் என்று பார்த்தால் பெரிய புத்தகம் அல்ல. எந்த ஊரில் யாரோடு ஆடினோம், எத்தனை கோல் என்று பல பக்கங்கள் கமிஷன் கடைப் பேரேடு மாதிரிப் போகின்றன. ஆனால் பெர்லினுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. 1928-லும் 1932-லும் தங்கம் வாங்கிய அணி, 1936 ஜூலையில் ஜெர்மானியரோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடி 4-1 என்று தோற்றது. அந்த அணிக்கு இந்த முறை தியான்சந்த்தான் தலைவர். அவசரமாக இந்தியாவிலிருந்து தாராவை வரவழைத்தார்கள். அரையிறுதிக்குள் அவர் வந்து சேர்ந்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றதும் அதே ஜெர்மனிதான். 8-1 என்ற வெற்றியை மட்டும் சொல்லிச் சொல்லி, அதற்கு முன்னால் இருந்த பயத்தை நாம் மறந்துபோனோம்.

ஆகஸ்டு 14-ல் நடக்க வேண்டிய ஆட்டத்தை மழை 15-க்குத் தள்ளிவிட்டது. ஈரத் தரை. முதல் பாதியில் நமக்கு ஒரே ஒரு கோல். இடைவேளைக்குப் பிறகு தியான்சந்த் அடியில் ஆணி வைத்த பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டு, ரப்பர் அடி போட்ட ஜோடோடு இறங்கினார். அவ்வளவுதான் விஷயம். வாய்க்கு வாய் போனதில் ரப்பரும் கழன்று விழுந்துவிட்டது! (அன்று அவர் அடித்தது மூன்று கோலா, ஆறா என்ற வழக்கு வேறு இன்றும் தீரவில்லை.)

ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் நடந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அணியோடு போயிருந்த பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை வெளியே எடுக்கிறார். எல்லோரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்துக்குப் போகிறார்கள். சில வரிதான். தியான்சந்த் 1922-ல் சிப்பாயாகச் சேர்ந்தவர்; அன்றும் பிரிட்டிஷாரின் ராணுவத்தில் சம்பளம் வாங்குகிறவர். அந்தக் கை அந்தக் கொடிக்கு உயர்ந்த செய்தி வெளியே கசிந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் அதைப் பற்றி விஸ்தாரமாகப் பேசவில்லை. நானாயிருந்தால் நான்கு பக்கம் அழுதிருப்பேன். பதினொரு வருஷம் கழித்து அதே ஆகஸ்டு 15 என்று முடிச்சும் போட்டிருப்பேன், தேதியைக் குறித்தது மழை என்பதை மறைத்துவிட்டு.

இதைப் படித்த பிறகு என் கதை எனக்கே கூச்சமாயிருந்தது. நம் ஆள் பெரியவன் என்று காட்ட எனக்கு ஒரு ஹிட்லர் தேவைப்பட்டிருக்கிறான். பூட்டிய அறையில், பார்க்க யாரும் இல்லாத இடத்தில் உயர்ந்த கையை நான் எழுதவில்லை.

தொகுதியில் சேர்க்கும்போது ஹிட்லரை அடித்துவிட்டேன். வெறுங்காலை மட்டும் விட மனசு வரவில்லை. "ரப்பர் ஜோடுன்னு போட்டா வாக்கியம் சப்புன்னு போகுதே, ஐயா" என்று பெரியவரிடம் முறையிட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மழை பெஞ்ச கரிசல்ல ஒரு நாளாவது ஓடிப் பாத்திருக்கீங்களா, தம்பி?"