ஒட்டகத்தை எங்கே வரைவது?

மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கையில் சிறுபாணாற்றுப்படை நம் நினைவில் எழுகிறது. அந்நூல் பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர் பலர். அங்கே அலைகள் கரைசேர்த்த மணவிறகு, உறங்கும் ஒட்டகங்களைப் போல் கிடந்ததாம். இதனைப் படக்கதையாக்குவோர் என் செய்வர்? ஒட்டகத்தை வரைந்தால், இக்கரையில் ஒட்டகம் உலவியதென்று சிறுவர் நம்புவர். வெறும் விறகை வரைந்தால், புலவர் நத்தத்தனார் மறைந்துபோவார். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை கண்ணகியைப் படமாக்கிற்று. சிலம்பு உடைவது நிகழ்ச்சி, அதை வரையலாம். உவமைக்கோ அவ்வாறு நிகழ்ச்சி ஏதுமில்லை. (மறைக்கல்வியைப் படங்களால் கற்ற நாம் படங்களைப் பழிக்கவியலாது.) உப்பளத்துப் பிள்ளைகள் தம் ஊரை அந்நூலில் காணும் முதல் வாயில் படக்கதையாகவே இருக்கலாம். ஆதலின் விறகையே வரைக. அதன் வளைவில் கழுத்தும் திமிலும் தோன்றட்டும். கீழே புலவரின் அவ்வடிகளையும் அச்சிடுக.