பூவுக்குப் பின்னால் நிற்கும் நிறம்

புடவைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் நிறம் சொல்லிக் கேட்பதை ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. “வெங்காயச் சருகு கலர்ல, சின்ன பார்டரா எடுங்க” என்பார் அம்மா. விற்பனையாளர் யோசிப்பதே இல்லை. அடுக்கிலிருந்து அதையே உருவி உதறி விரிப்பார். மாந்துளிர், கத்தரிப்பூ, வாடாமல்லி, பாசிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, அரக்கு என்று கொல்லைப்புறமும் குளக்கரையும் அடுக்களையும் அந்த விரிப்பின் மேல் வந்து குவியும். “இது மாந்துளிர் இல்லீங்க, இலை கொஞ்சம் முத்திப் போச்சு” என்று திருத்துகிற அளவுக்குக் கண் கூர்மை.

அதே அம்மா பெயிண்ட் கடையில் தடுமாறிப் போனார். விசிறிபோல விரியும் ஷேட் கார்டு. ஆயிரத்துச் சொச்சம் கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆங்கிலப் பெயரும் ஓர் எண்ணும். இரண்டு முறை புரட்டிவிட்டு, “ஏதாவது லைட்டா பார்த்துப் போடுங்க” என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஆறு கெஜத்துக்கு அவ்வளவு யோசித்தவர், அடுத்த பத்து ஆண்டு பார்த்துக்கொண்டே இருக்கப்போகும் சுவருக்கு ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் ஷேட் கார்டின் மூதாதையும் இயற்கையிலிருந்து பிறந்ததுதான். ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் வகுத்த நிறப் பட்டியலை விரித்து, எடின்பரோ ஓவியர் பேட்ரிக் சைம் 1814இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்கள். ஒவ்வொன்றும் விலங்குகளில் எங்கே இருக்கிறது, தாவரத்தில் எங்கே, கல்லில் எங்கே என்று மூன்று பத்திகளில் முகவரி கொடுத்திருப்பார். டார்வின் அதைப் பீகிள் கப்பலில் உடன் கொண்டுபோனார். அந்த நூலில் என்னைக் கவர்வது அதன் துல்லியம். ஒரு நீலத்துக்கு ‘வாத்து’ என்று பொதுவாகச் சொல்லி அவர் விடுவதில்லை. ஆண் வாத்தின் சிறகில் இருக்கும் ஒரு பட்டையைக் காட்டுவார். நிறத்தோடு அதன் இடமும் அளவும் சேர்ந்தே வரும். வீட்டுக்கு இயற்கை நிறம் தேடுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தையும் அளவையும்தான். கோட்டைவிட்டவர்களில் நானும் ஒருவன்.

வயல் பச்சை என்றால் எனக்கு உயிர். நாற்று பிடித்து இருபது நாள் ஆன வயலின் பச்சை. அதை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்டு, கார்டில் அதற்கு மிக நெருக்கமான கட்டத்தைத் தேடிப் பிடித்து, நான்கு சுவருக்கும் அடிக்கச் சொன்னேன். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “ஒரு சுவருக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாமே சார்?” நான் கேட்கவில்லை. வேலை முடிந்த அன்று மாலை டியூப்லைட்டைப் போட்டதும் வீட்டில் எல்லோருடைய முகமும் காமாலை கண்டதுபோல இருந்தது. சோறு பச்சையாகத் தெரிந்தது. கட்டை விரல் அகலக் கட்டத்தில் குளிர்ச்சியாக இருந்த நிறம், நான்கு சுவரிலும் ஏறி எதிரெதிரே நின்று ஒன்றன் மேல் ஒன்று தன் நிறத்தை வீசி, இரண்டு பங்கு கனத்துவிட்டது.

வயல் ஏன் அப்படிக் கண்ணை உறுத்துவதில்லை? அங்கே பச்சை ஒன்றாக இல்லை. தாளின் முதுகில் ஒன்று, வெயில் ஊடுருவும் நுனியில் ஒன்று, நிழல் விழுந்த தூரில் இன்னொன்று. இடையிடையே சேறும் தண்ணீரும், தண்ணீரில் விழுந்த வானமும். காற்றடித்தால் மொத்தமும் இடம் மாறும். சுவரோ அசையாது. ஆயிரம் பச்சைகளில் ஒன்றைப் பிடுங்கி அதில் ஒட்டவைத்தால், அந்த ஒன்றையே நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மயில்கழுத்து இதைவிடப் பெரிய ஏமாற்றம். மயிலின் நீலத்தில் நீலச் சாயமே கிடையாது. இறகு இழைகளின் நுண்ணிய அடுக்கமைப்பு ஒளியைச் சிதறடித்துக் காட்டும் வித்தை அது. அதனால்தான் கழுத்தைத் திருப்பினால் நிறமும் திரும்புகிறது. நம் நெசவாளர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறொரு நிறம் ஓட்டினார்கள். மடிப்பு அசையும்போது நீலம் பச்சையாகிறது, பச்சை நீலமாகிறது. புடவைக்குப் பாவும் ஊடையும் உண்டு, நடையும் உண்டு. சுவருக்கு அந்த வசதி இல்லை. டப்பாவில் வரும் மயில்கழுத்து, மயில் பறந்துபோன பிறகு மிஞ்சிய கழுத்து.

அப்படியானால் சுவருக்கு எதை எடுப்பது? செம்பருத்திச் செடி முன்னால் ஐந்து நிமிடம் நின்றாலே விடை கிடைக்கும். பூ நாலைந்து. இலை அதைவிடப் பல மடங்கு. இலைக்குப் பின்னால் தண்டு, மண், உதிர்ந்த சருகு, வெளுத்த வானம். சிவப்பு அங்கே எடுபடுவது, அதைச் சுற்றி அத்தனை நிறங்கள் அடக்கமாக நிற்பதால். வீட்டில் பூ நாம்தான்: நம் புடவைகள், பித்தளைக் குத்துவிளக்கு, கொய்யாப் பழக் கூடை, ஓடித் திரியும் குழந்தையின் சட்டை. சுவர் பூவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய மண்.

நம் முன்னோருக்கு இந்த அடக்கம் இருந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை. சுண்ணாம்பு அவர்களைக் கட்டாயப்படுத்தியது. ஆரத்திக்குத் தட்டில் மஞ்சளைக் கரைத்து, நகக்கண் அளவு சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகும்? கணத்தில் ரத்தச் சிவப்பு. சுண்ணாம்பின் காரத்தன்மை இலைச் சாற்றையும் பூச்சாற்றையும் இப்படித்தான் மாற்றும் அல்லது வெளுக்க வைக்கும். அதோடு கூடி நிலைத்து வாழ்வது மண்ணின் நிறங்கள். செங்காவி, மஞ்சள் காவி இரண்டும் இரும்பு கலந்த மண். மஞ்சள் காவியைச் சுட்டால் நீர் நீங்கிச் சிவப்பாகும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் பூசினாலும் சண்டை போடுவதில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என ஆயிரத்து நூறு ஆண்டு தாண்டிய ஓவியம். பெரும்பகுதி அழிந்துவிட்டது; மிஞ்சியதிலும் கண்ணுக்கு இதம் குறையவில்லை. அங்கே மிகுதியும் வேலை செய்திருப்பவை காவியும் சுண்ணாம்பும் கரியும் பச்சை மண்ணும். தாமரையை வரைந்தவர்களும் மண்ணைக் கொண்டுதான் வரைந்தார்கள். நானோ வயலைப் பார்த்துவிட்டு நேரே நாற்றைப் பிடுங்கி வந்திருந்தேன்.

கிராமத்து வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் காவிப் பட்டை. பார்க்க அழகு, அதற்கு முன் அது காரியம். ஐப்பசி மழையில் வாசல் மண் தெறித்துச் சுவரின் காலை நனைக்கும். தெறிக்கும் மண்ணின் நிறத்தையே முன்கூட்டிப் பூசிவிட்டால் மழை என்ன செய்யும்? இன்று வெளிச்சுவரை அடிவரை பால் வெள்ளையாக அடித்துவிட்டு, ஒரு மழைக்காலம் கழிந்ததும் வருந்துகிறவர்கள் அந்தப் பட்டையை மறந்தவர்கள்தான்.

செட்டிநாட்டு வீடுகளில் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அங்கே சுவரின் பெருமை அதன் வெள்ளை. சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்த சுவர், கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். நிறமெல்லாம் ஆத்தங்குடித் தரையிலும், கண்ணாடிச் சன்னலிலும், தூண் தலைப்பிலும் அளவாக. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி காவி மஞ்சளில் வெள்ளை வரம்பு கட்டி நிற்கிறது. அதே தெருக்களில் ஆசிரமத்துக் கட்டடங்கள் சாம்பல் நிறம். மழை மூடிய நாளில் போய்ப் பாருங்கள். அந்தச் சாம்பல் சுவருக்கு மேல் வழியும் காகிதப்பூவின் சிவப்பு, வேறெந்தச் சுவரிலும் அவ்வளவு எரியாது.

நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டு வெயிலைப் பேசாமல் விடுவது பாதி வேலை. விளம்பரப் படங்களில் மயக்கும் பல அறைகள் குளிர்நாட்டு வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. லண்டனில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறும். சன்னல் வழியே சாய்ந்து வந்து சுவரையே நேராகத் தொடும். சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒரு முறையும் ஆகஸ்ட் பாதியில் ஒரு முறையும் அது உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. உச்சி வெயில் நம் வீட்டுக்குள் நேராக வருவதில்லை. முற்றத்திலும் வாசலிலும் விழுந்து, எகிறித்தான் வருகிறது. வரும்போது விழுந்த இடத்தின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும். சிவப்பு ஆக்சைடு தரை போட்ட தாழ்வாரத்தின் வெள்ளைச் சுவர் பகலில் இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். சன்னலுக்கு வெளியே வேம்பு இருந்தால் அறைக்குள் ஏற்கெனவே கொஞ்சம் பச்சை இருக்கிறது. அங்கே இன்னொரு பச்சை தேவையில்லை.

ஆகவே ஷேட் கார்டுக்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். வேலைநாள் அல்லாத ஒரு நாளில், வெறும் வெள்ளைச் சுவர் காலையில், பகலில், விளக்கு வைத்த பிறகு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிறகு வெளியே போய் ஒரு பொருளைப் பொறுக்கி வாருங்கள். ஆற்று மணல் ஒரு பிடி, தேக்கஞ்சருகு, பனை ஓலைக் கீற்று, வேப்பம்பட்டை, தேங்காய் ஓட்டின் உட்புறம், எதுவானாலும் சரி. அதை அந்தச் சுவரில் வைத்து, கார்டையும் அங்கேயே பிடித்து ஒப்பிடுங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் வீட்டு வெளிச்சத்தில் வேறாகிவிடும். இரண்டு நிறத்துக்கு நடுவே மனம் ஊசலாடினால், மங்கலானதை எடுங்கள்; சுவரில் ஏறியதும் அது தானே ஒரு படி கூடிக்கொள்ளும். பழைய நிறத்தின் மேல் சோதிக்காமல், இரண்டடிப் பலகை ஒன்றுக்கு வெள்ளை பூசி, அதன் மேல் இரண்டு கோட்டு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எமல்ஷன் காயும்போது பெரும்பாலும் சற்றுக் கறுக்கும். சுண்ணாம்பு நேர்மாறு, ஈரத்தில் ஒன்றுமில்லாததுபோல இருந்து, காயக் காயத்தான் வெளுத்து எழும். பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, அந்த மறுநாள் காலை வெளிச்சத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் பட்டியலில் முதலிடம் சருகுக்கு. அரசஞ்சருகின் வெளிர் பழுப்பு, மேற்குச் சன்னல் உள்ள அறையில் மாலை ஐந்து மணிக்குத் தேனாக மாறும். மணல் நிறம் எந்த அறையிலும் பிழை செய்யாது. புத்தக அலமாரியின் பின்னால் அது இருப்பதே தெரியாது. மழைமேகச் சாம்பல் வெயில் கொட்டும் அறைக்கு நல்லது. இருண்ட அறையில் அது அழுதுவிடும். பச்சைதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது வேப்பிலையின் அடிப்புறம்: சாம்பல் கலந்த, வாய் பேசாத பச்சை. மாதுளை, நாவல், மஞ்சள் இவை வேண்டவே வேண்டாமா? தாராளமாக வேண்டும். விளக்கு மாடத்தின் உட்புறம், கதவு, ஊஞ்சல் பலகை, துளசி மாடம் என்று சைம் காட்டிய வாத்துச் சிறகின் பட்டைபோல ஓரிடத்தில், ஓர் அளவில்.

என் கூடத்தை மறு ஆண்டே மாற்றிவிட்டேன். அதே மேஸ்திரிதான் வந்தார். இந்த முறை கார்டை நீட்டாமல், தெருவில் பொறுக்கிய ஓர் அரசஞ்சருகை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முன்பக்கமா, பின்பக்கமா சார்?” என்றார். அந்தக் கேள்விக்காகவே அவரை இனி மாற்றமாட்டேன். பின்பக்கம்தான் அடித்தோம். பழைய பச்சையில் கதவு ஒன்று மட்டும் மிஞ்சியது. இப்போது அதைப் பார்த்தால் வயல் ஞாபகம் வருகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மாம்பழ மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு அந்தச் சுவர்ப் பக்கமாக உட்கார்ந்து பூத்தொடுத்தார். நான்கு ஆண்டாகக் கட்டும் புடவை. புதிதா என்று கேட்டுவிட்டேன்.

கடைக்குப் போகும்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும்: மண்ணின் நிறம் இருபது லிட்டர் வாளியாக வாங்குங்கள், பூவின் நிறம் ஒரு லிட்டர் டப்பா போதும்.