வாஷர் வைத்தியம்

பதினைந்து ஆண்டு கடந்த கனரக லாரிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் 12,500 ரூபாய் என்று மத்திய அரசு 2021 அக்டோபரில் அறிவித்தது. 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கும் வந்தது. அன்றிலிருந்து பழைய லாரிக்கு வக்காலத்து வாங்குவோர் பெருகிவிட்டார்கள். அவர்கள் கூண்டில் ஏற்றும் முதல் சாட்சி சாலையோரப் பட்டறை மெக்கானிக். பெரம்பலூர் நான்கு ரோட்டிலிருந்து அரியலூர் வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் அந்த வாதம் காதில் விழும்: அளவுகோல் தேவையில்லை, கை சொல்லிவிடும், பிரித்த கியர் பாக்ஸை ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டி விடியலில் லோடுக்கு அனுப்ப இவர்களால் மட்டுமே முடியும்.

அந்தத் திறமையை மறுப்பதற்கில்லை. தூக்க கிரேன் இல்லை, இறக்கிவைக்கப் பள்ளம் இல்லை. ஜாக்கியும் பலகையும் கயிறும் இரண்டு பையன்களும் போதும், கியர் பெட்டி தரைக்கு வந்துவிடும். திரும்ப ஏற்றும்போது கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, கழித்துப்போட்ட பழைய ஷாஃப்ட்டைச் செருகிப் பார்த்துக்கொள்கிறார்கள். 1954 முதல் 1969 வரை டெய்ம்லர் பென்ஸ் ஒப்பந்தத்தில் ஜாம்ஷெட்பூரில் டாடா செய்த வண்டிகள், அவற்றின் வழிவந்தவை, பழைய லேலண்ட் காமெட் என்று எல்லாவற்றின் பெட்டியும் இவர்களுக்கு மனப்பாடம். உதிரி பாகம் கம்பெனியில் நின்றுபோன வண்டிக்குக்கூடச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப்பிடித்து உயிர் கொடுப்பார்கள். பாராட்டு இவ்வளவு போதும்.

கோளாறு பூட்டுகிற இடத்தில் இருக்கிறது. பட்டறையில் பூட்டி முடித்த பெட்டிக்கு ஒரே ஒரு தேர்வுதான். மெக்கானிக் முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுவார். ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பார். சத்தமில்லாமல் சுற்றினால் தேர்ச்சி. லோடே இல்லாமல், கையால் சுற்றும்போது எந்தப் பெட்டிதான் சுற்றாது? பத்து டன் ஏற்றி குவாரிச் சரிவில் ஏறும்போது பல்லின் மேல் விழும் அழுத்தம் வேறு. அந்த அழுத்தம் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளும். எவ்வளவு தள்ள இடம் கொடுக்கலாம் என்பது மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குக்குள் அடங்கிய கணக்கு. ஃபீலர் கேஜோ டயல் கேஜோ இல்லாமல், எந்தக் கை அதைச் சொல்லும்?

தேர்டு கியர் நிற்காமல் நியூட்ரலுக்குத் தெறிக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். “அண்ணே, ஏத்தத்துல கியர் நிக்கலண்ணே” என்று ஓட்டுநர் வந்து நிற்பார். காரணம் பலவாக இருக்கலாம்: கியரைக் கவ்விப் பிடிக்கும் நாய்ப்பற்கள் தேய்ந்து சரிவாகியிருக்கும், பைலட் பேரிங் ஆடும், ஷிஃப்டர் ஃபோர்க் வளைந்திருக்கும், ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம் கூடியிருக்கும். இவற்றில் எது என்று கண்டுபிடிக்கப் பெட்டியை இறக்கி அளக்க வேண்டும். பட்டறைக்கு அதைவிடச் சுருக்கமான வழி தெரியும். கியரை அதன் இடத்தில் பிடித்துவைப்பது மேல் மூடிக்குள் இருக்கும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும். மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைப் போட்டு இறுக்கிவிட்டால் கியர் நின்றுவிடும். பெட்டியைக் கீழே இறக்கவே வேண்டாம்.

நின்றுவிடும் என்பதுதான் ஆபத்து. தேய்ந்த பற்கள் லோடு ஏறும்போதெல்லாம் கியரோடு பூட்டிக்கொள்ளும் ஸ்லீவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இறுக்கிய ஸ்பிரிங் விடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது ஷிஃப்டர் ஃபோர்க். கியர் மாற்றும் நேரத்தில் மட்டும் தொட வேண்டிய ஃபோர்க், ஓடும் நேரமெல்லாம் ஸ்லீவோடு உரசித் தேயும். உதிரும் இரும்புத்தூள் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தேடிப் போகும். மூன்று மாதத்தில் வண்டி திரும்ப வரும். அப்போதும் மெக்கானிக் புகழப்படுவார், எவ்வளவு சிக்கலான வேலையை எடுத்துச் செய்கிறார் என்று. போன முறை போட்ட வாஷரைப் பற்றிப் பேச்சே எழாது.

இதே கதைதான் பேக்கிங்கிலும். அட்டையை மூடியின் மேல் வைத்து உருண்டைச் சுத்தியலால் விளிம்பில் தட்டித் தட்டி வெட்டியெடுப்பது பார்க்க அழகான வேலை. ஆனால் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடியில் அந்த அட்டைக்கு ஆயில் கசிவைத் தடுப்பது மட்டும் வேலையில்லை. அதன் தடிமனும் ஓர் அளவு. மெல்லிய காகிதம் இருந்த இடத்தில் தடித்த அட்டையை வைத்தால் மூடி பேரிங்கை எட்டாது, ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும், தேர்டு கியர் மறுபடி தெறிக்கும். மறுபடி வாஷர்.

அரியலூர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. 1979-இல் அரசு சிமென்ட் ஆலை வந்ததிலிருந்து, பிறகு ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய் என்று ஆலைகள் பெருகப் பெருக, இந்தச் சாலைகளில் புழுதி அடங்கியதில்லை. கடல் இருந்த காலத்துச் சிப்பிகள் கல்லான சுண்ணாம்பு அது. தனியாக எடுத்தால் மென்மையான கல்தான். கூட வரும் மணலும் கிளிங்கர் தூளும் மென்மையானவை அல்ல. இந்தக் காற்றில், சாக்கு விரித்த தரையில், திறந்த பெட்டியை நாள் முழுக்க வைத்துவிட்டு, கழுவிய அதே மண்ணெண்ணெயிலேயே புது பேரிங்கையும் அலசிப் போடுகிறார்கள். எந்தக் கம்பெனி பேரிங் வாங்கினாலும் இந்தக் குளியலுக்குப் பிறகு ஒன்றுதான்.

காசு இல்லை, நேரமில்லை என்பார்கள். டயல் கேஜும் ஸ்டாண்டும் ஒரு லாரி டயரின் விலையில் சிறு பங்கு. அளப்பதற்கு ஆகும் நேரம், இரண்டாம் முறை பெட்டியை இறக்கும் நேரத்தில் காலே அரைக்கால். உண்மையான தடை வேறு: அளந்தால் எண் வரும், எண்ணை எழுதினால் அடுத்தவர் கேள்வி கேட்பார். கை அளவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தகுதிச் சான்று பரிசோதனையில் பிரேக்கைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள்; கியர் பாக்ஸை யாரும் திறப்பதில்லை. பச்சைமலைச் சரிவில் இறங்கும் வண்டியில் கியர் தெறித்தால் என்ஜின் பிடிப்பு போய் முழு எடையும் அந்த பிரேக்கின் மேல் விழும் என்பது படிவத்தில் எங்கும் இல்லை.

அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங்குக்கு அடியில் ஏற்கெனவே ஒரு வாஷர் இருக்கும். பட்டறைப் பையன் அதை விரல் நுனியில் எடுத்துக் காட்டுவான். இன்னொன்று போடட்டுமாண்ணே என்று கேட்பான்.