வாத்தியார் எந்த வாசலில் நிற்கிறார்?

இரும்பை மாகாளேசுவரர் கோயிலைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். நமக்கு அதைவிட முக்கியம், கடுவெளிச் சித்தரைப் பற்றி அங்கே வழங்கும் கதை. விழாவில் ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கிறாள். சிலம்பு கழன்று விழுகிறது, தாளம் தப்பப்போகிறது. கூட்டத்திலிருந்த சித்தர் எழுந்துபோய் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிடுகிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. சித்தர் பாட, லிங்கம் வெடிக்கிறது. பக்திக் கதையாக வாசிப்போர் வாசிக்கட்டும். நிகழ்த்துதல் பற்றிய பிரதியாக வாசித்தால் ஒரு கேள்வி எஞ்சுகிறது: ஆட்டம் தடுமாறும்போது கைகொடுக்கும் உரிமை யாருக்கு? அதைத் தீர்மானிப்பது ஆட்டத்தின் தேவையா, ஊர் வைத்திருக்கும் தகுதிப் பட்டியலா?

இந்தக் கேள்வியோடு, சைக்கிள் மிதித்தால் போய்விடக்கூடிய காலாப்பட்டுக்குப் போகலாம். மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது புதுவைப் பல்கலைக்கழகம். 1985இல் தோன்றிய இப்பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்தது. இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநர்.

இதன் முக்கியத்துவம் தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குத் தெரியும். முத்தமிழ், முத்தமிழ் என்று வாய் ஓயாமல் சொல்லும் தமிழ்த் துறைகளில் மூன்றாம் தமிழ் வெறும் காகிதம்தான். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்துக்குப் பாத்திரப் படைப்பு எழுதுவோம், உவமை பொறுக்குவோம். ஒருத்தரும் எழுந்து நின்று ஒரு வரி பேசிப் பார்க்கமாட்டோம். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை இந்த மௌனத்தை உடைத்தது. அதில் முன்நின்ற சே. இராமானுஜம் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். பின்னர் தஞ்சையிலும் புதுவையிலும் நாடகம் பல்கலைக்கழகப் படிப்பானது. வகுப்பறைக்குள் உடம்பு வந்தது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த உடம்புக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர் வந்தாரா?

சங்கரதாஸ் சுவாமிகள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரல்லர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே. சண்முகம் சகோதரர்கள் அங்கே உருவானவர்கள். நாடக உலகில் 'வாத்தியார்' என்றால் பாட்டுக் கட்டி, பாடம் சொல்லி, ஆளை உருவாக்குபவர் என்று பொருள். அப்படிப்பட்ட வாத்தியார் 1922இல் புதுவையில் இறந்தார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. இன்று அவரே வந்து தன் பெயர் தாங்கிய பள்ளியில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தால் முதல் சல்லடையிலேயே கழிந்துவிடுவார்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளைப் பாருங்கள். இசைக்கும் நடனத்துக்கும் முதுகலைப் பட்டத்துக்கு மாற்றாக இன்னொரு வழி உண்டு: பேர்பெற்ற மரபுக் குருவிடம் கற்றிருப்பது, வானொலி அல்லது தொலைக்காட்சியின் 'ஏ' தரம் பெற்றிருப்பது முதலியன. நாடகத்துக்கும் மாற்று வழி உண்டு. ஆனால் அங்கேயும் தேசிய நாடகப் பள்ளியிலோ வேறு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திலோ முதல் வகுப்பில் பெற்ற பட்டமோ பட்டயமோ வேண்டும். அதாவது குருவிடம் கற்றது கச்சேரிக்குத் தகுதி. கூத்துக்கு அது தகுதியில்லை. விதி எழுதியவர்களின் மனதில் சாதி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விளைவு சாதியின் வரைபடத்தோடு பொருந்திப்போகிறது, அவ்வளவுதான். சபாக்களின் கலைக்குக் குரு மரபு செல்லுபடியாகிறது. திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடியவிடிய ஆடும் கலைக்குச் செல்லவில்லை. 2022இல் வந்த 'நடைமுறைப் பேராசிரியர்' திட்டம் பட்டம் கேட்பதில்லை. ஆனால் அது அதிகபட்சம் நான்கு ஆண்டுக்கான தற்காலிகப் பதவி. வாத்தியார் விருந்தாளியாகவே வந்துபோகலாம்.

இதில் இழப்பு யாருக்கு? வாத்தியாருக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. ஒரு ஜமாவில் சேரும் பையன் திரை பிடிக்கிறான், பின்பாட்டுப் பாடுகிறான், சில்லறை வேஷம் கட்டுகிறான். எங்கே ஜனம் கொட்டாவி விடுகிறது, எப்போது கட்டியங்காரன் உள்ளே வரணும், எந்தப் பாட்டை நீட்டணும், எதை வெட்டணும் என்பதெல்லாம் ராத்திரி ராத்திரியாகக் கண்ணால் கற்பவை. மூன்று நாள் பயிற்சிப் பட்டறையில் எடுக்க முடிவது அடவுகளை மட்டும்தான். அடவைக் கழற்றி எடுத்து நவீன நாடகத்தில் ஒட்டவைத்துவிட்டு 'வேர்களைத் தேடுகிறோம்' என்றால், வேரைத் தேடவில்லை, பூவைப் பறித்திருக்கிறோம்.

பறையும் நாட்டார் பாட்டும் உள்ளே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தன. கே.ஏ. குணசேகரன் புதுவையில் ஆசிரியராக இருந்து அந்த வேலையைச் செய்தார். 'பலி ஆடுகள்' எழுதினார். தலித் வாழ்விலிருந்து வந்த அவர் முனைவர் பட்டமும் பெற்றிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பறை, பட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டியது.

வாத்தியார் மரபைப் புனிதப்படுத்தவும் கூடாது. பெரும்பாலான கூத்து மேடைகள் பெண்களை ஏற்றியதில்லை. எந்தத் தெருவுக்கு ஆடுவது என்பதில் சாதி இருந்தது. பால சபைகளில் சிறுவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாடகத் துறைகளில் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து நின்று நடித்தது பல்கலைக்கழகம் தந்த விடுதலை. ஆகவே கேள்வி 'பல்கலைக்கழகமா, கூத்தா' என்பதல்ல. இரண்டும் ஒன்றையொன்று திருத்தக்கூடிய சம பலத்தோடு சந்திக்கின்றனவா என்பதே.

ஈழத்தில் இதற்கு இரண்டு பாடங்கள் உள்ளன. பேராதனையில் 1960களில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' உருவாயின. கூத்துக்குக் கௌரவம் கிடைத்தது. விடியவிடிய நடந்தது சில மணி நேரமாகச் சுருங்கியது. பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் தோழர்களும் எதிர்த் திசையில் நடந்தார்கள். சீலாமுனையில் அண்ணாவியாரோடும் ஊராரோடும் உட்கார்ந்து, பெண்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள், சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பேசிப்பேசிக் கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். கூத்தை ஊரிலிருந்து பெயர்க்காமலே விமர்சிக்க முடிந்தது.

நம் கடற்கரையில் இதைச் செய்ய என்ன தடை? பாரதக் கூத்து நடக்கும் பங்குனி முதல் ஆடி வரையிலான பருவத்தில் நாடக மாணவர்கள் ஒரு ஜமாவோடு திரியட்டும், அதற்கு மதிப்பெண் கொடுங்கள். இசைக்குத் திறந்த வாசலை நாடகத்துக்கும் திறக்கும்படி விதியைத் திருத்தக் கேளுங்கள். வாத்தியாருக்கு நிரந்தர நாற்காலி போடுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரோடு மாணவி ஒருத்தி எழுந்து நின்று சண்டை போடட்டும். நாடகக் கல்வி அந்தச் சண்டையில்தான் ஆரம்பிக்கும்.