டீமக்ஸ் ஷார்ட்கட்: மடிக்கணினியில் மாற்றுங்கள், சர்வரில் வேண்டாம்

காஸ்வேயில் பேருந்து நகர நகர, கைப்பேசி மலேசிய அலைவரிசையை விட்டுச் சிங்கப்பூர் அலைவரிசைக்குத் தாவும். அதை ஹாட்ஸ்பாட்டாக வைத்து வேலை பார்ப்பவரின் எஸ்எஸ்எச் இணைப்பு பெரும்பாலும் அங்கேயே அறுந்துவிடும். ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு உட்லண்ட்ஸ் தாண்டி வேலைக்குப் போகும் சர்வர் பராமரிப்பாளர்களுக்கு டீமக்ஸ் இதனால்தான் அன்றாடத் தேவை. டீமக்ஸ் ஓடுவது சர்வரில். இணைப்பு அறுந்தாலும் பாதியில் இருந்த பேக்கப் ஓடிக்கொண்டே இருக்கும். குடிநுழைவைக் கடந்தபின் ‘அட்டாச்’ கொடுத்தால் திரை விட்ட இடத்திலேயே இருக்கும்.

2007இல் நிக்கோலஸ் மேரியட் எழுதத் தொடங்கிய இந்த மென்பொருளில் குறை என்றால், அதோடு வரும் விசைகள்தான். எல்லாக் கட்டளைக்கும் முன்னால் ‘பிரிஃபிக்ஸ்’ எனப்படும் கன்ட்ரோல்-பி. கன்ட்ரோலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அதே கையால் பி-யை எட்டுவது நாள் முழுக்கச் செய்யக்கூடிய காரியமல்ல. திரையைப் பிரிக்க விழுக்காட்டுக் குறியும் இரட்டை மேற்கோள் குறியும்; எது நெடுக்கு, எது குறுக்கு என்று நினைவில் நிற்காது.

என் மடிக்கணினியிலும் ஒரு டீமக்ஸ் உண்டு. உபுண்டு 24.04 உடன் வரும் அந்த 3.4 பதிப்பில் நான் வைத்திருக்கும் மாற்றங்கள் கொஞ்சம்தான். பிரிஃபிக்ஸ் கன்ட்ரோல்-ஏ. பிரிப்பதற்கு நெடுங்கோடும் சிறுகோடும். பிரிந்து வரும் புதிய பேன் நடப்பு அடைவிலேயே திறக்கும்படி ‘பேன் கரன்ட் பாத்’ சேர்த்திருக்கிறேன். ‘எஸ்கேப்-டைம்’ இந்தப் பதிப்பில் 500 மில்லி விநாடி. விம்மில் எஸ்கேப் தட்டியதும் தெரியும் அந்த அரை விநாடித் தயக்கம், அந்த எண்ணை 10 ஆக்கினால் போய்விடும். ஷெல்லில் கன்ட்ரோல்-ஏ வரித் தொடக்கத்துக்குப் போகும் விசை. அதை இழக்காமல் இருக்க, இருமுறை அழுத்தினால் ‘சென்ட்-பிரிஃபிக்ஸ்’ ஆகும்படி கட்டியாயிற்று.

இவ்வளவும் மடிக்கணினியில் மட்டுமே. ஜொகூரின் கூலாய், செடெனாக் பக்கத்துத் தரவு மையங்களில் இருக்கும் சர்வர்கள் பலர் கைபடுபவை. அங்கே உங்கள் விசைகளை வைத்தால் அடுத்தவர் தடுமாறுவார். அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. மடிக்கணினியின் டீமக்ஸுக்குள் சர்வரின் டீமக்ஸைத் திறக்கும்போது, இரண்டுக்கும் ஒரே பிரிஃபிக்ஸ் என்றால் வெளியே இருப்பதே கட்டளையைப் பிடுங்கிக்கொள்ளும். வெளியே ஏ, உள்ளே பி என்றிருந்தால் அந்தச் சண்டையே வராது.

பலர் கன்ட்ரோல்-ஸ்பேஸைப் பரிந்துரைக்கிறார்கள். தமிழிலும் தட்டச்சு செய்பவர்களுக்கு அது ஒத்துவராது. மொழி மாற்றும் விசையாகப் பல கணினிகளில் அது ஏற்கெனவே போய்விட்டது. தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ் 99 இயங்கும்போது பிரிஃபிக்ஸ் வேலை செய்தாலும், அடுத்து வரும் சி என்ற விசை ‘ஒ’ ஆகிவிடுவதால் புதிய விண்டோ திறக்காது. தீர்வு எளிது: கான்ஃபிக் கோப்பில் ‘ஒ’ என்ற எழுத்துக்கே ‘நியூ-விண்டோ’வைக் கட்டலாம், ஆங்கில ‘என்’ விசையின் இடத்தில் வரும் ‘ல’வுக்கு அடுத்த விண்டோ. ஆனால் ஒலியியல் முறையில் மெய்யெழுத்து புள்ளியோடு, இரண்டு குறியீடுகளாக வரும். டீமக்ஸ் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு புள்ளியை ஷெல்லுக்கு அனுப்பிவிடும். எழுத்தை அடிக்கோடிட்டு நிறுத்திவைத்து, அடுத்த விசைக்குப் பிறகே அனுப்பும் உள்ளீட்டுக் கருவிகளிலும் இந்த வழி பலிக்காது.

பேனை மூடும் விசையை மாற்றுகிறவர்கள் ‘கன்ஃபர்ம்-பிஃபோர்’ கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அசல் விசையில் அது இருக்கிறது. உங்கள் வரியில் நீங்களே எழுத வேண்டும். இன்னொன்று: கோப்பிலிருந்து ஒரு வரியை அழித்து ‘சோர்ஸ்-ஃபைல்’ கொடுத்தாலும் பழைய விசை சாகாது. ஓடிக்கொண்டிருக்கும் டீமக்ஸ் அதை நினைவில் வைத்திருக்கும். ‘அன்பைண்ட்’ எழுதியே நீக்க வேண்டும். எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க, ஷெல்லில் ‘டீமக்ஸ் லிஸ்ட்-கீஸ்’ கொடுங்கள். முழுப் பட்டியலும் வரும்.